எருக்கொட்டகைக்கு ஒரு பூட்டு

கோழி எரு விற்றுப் பிழைக்கிற பெண்ணுக்கு ஊரில் என்ன மரியாதை இருந்துவிடப் போகிறது என்று நினைக்கிறவர்கள் ஜெயசித்ராவைப் பார்த்ததில்லை. சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற சாலையில், வீடுகள் முடிந்து காட்டு நிலம் தொடங்குகிற இடத்தில் அவளுடைய கொட்டகை இருக்கிறது. புளியங்குடியில் எலுமிச்சைத் தோப்பு வைத்திருப்பவர்கள், காரில் வருகிறவர்களும் சரி, மொபெட்டில் வருகிறவர்களும் சரி, அந்த வாசலில் நின்று, "எரு பக்குவமாயிட்டாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். பக்குவமாகவில்லை என்றால் தரமாட்டாள். கெஞ்சினாலும் தரமாட்டாள். பச்சை எருவைப் போட்டால் வேர் வெந்துபோகும், மரம் வாடினால் பேர் கெடுவது தனக்குத்தான் என்பாள்.

ஆள் குள்ளம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. குரல் மட்டும் பஸ் ஹாரனோடு போட்டி போடும். பிறந்தது ராயகிரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பாண்டியராஜனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பேசவேண்டியதையும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் அந்தக் குடும்பத்தில் சண்டை வந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் முட்டை பிரிக்கிற வேலைக்குப் போனாள். பண்ணைக்குப் பின்னால் எரு மலைபோலக் குவிந்து ஈ மொய்த்துக் கிடந்தது. முதலாளிக்கு அது தலைவலி. அங்கே வேலை பார்த்த அத்தனை பேரும் முட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் கோழிக்குப் பின்னால் கிடந்ததைப் பார்த்தாள். அதை அள்ளிக்கொண்டு வந்து, தென்னைநார்க் கழிவோடு கலந்து, மூடிப் போட்டு, புரட்டிப் புரட்டி மக்கவைத்து விற்கத் தொடங்கியது அப்படித்தான். முதல் குவியலை வாங்க ஒருவரும் வரவில்லை. இரண்டாவது குவியலுக்கு ஒருவர் வந்தார். இப்போது இவள் சொல்கிற தேதிக்குத் தோப்புக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. எருவைப் புரட்டும்போது புகை மாதிரி ஒரு ஆவி கிளம்பும். அதில் இருப்பது அம்மோனியா. பேர் தெரியாதவர்களுக்கும் ஆளைத் தெரியும். மூக்கில் ஊசி குத்தும், கண்ணில் நீர் கொட்டும், தொண்டை எரியும். ஆனால் அதிலேயே கிடக்கிறவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிப்போகும். ஜெயசித்ராவின் மூக்கும் அப்படித்தான். பூக்காரியின் கூடையில் நேற்றைய பூ எது, இன்றைய பூ எது என்று எட்டி நின்றே சொல்லிவிடுகிற மூக்கு, தன் கொட்டகையின் நாற்றத்தை மட்டும் கண்டுகொள்ளாது.

கொட்டகைக்கு அருகே ஒரு வரிசை விசைத்தறி வீடுகள். அங்கே இருக்கிறவர்களுக்கு அது பழகவில்லை. சாம்பல் போட்டுப் பார்த்தாள், வேப்பங்குழை வைத்துப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் வந்து கத்துவார்கள், இவள் இரண்டு மடங்கு கத்துவாள். ஒருநாள், "நாத்தம் ஆகாதவங்க சென்ட்டுக் கடைக்குப் பக்கத்துல வீடு கட்டியிருக்கணும்" என்றுகூடச் சொல்லிவிட்டாள். அந்த வீடுகள் முதலில் வந்தவை, கொட்டகை அப்புறம் வந்தது என்பதை அன்றைக்கு வசதியாக மறந்திருந்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

அந்த வரிசையின் முதல் வீடு அலிமா பீவியுடையது. இரண்டு தறி வைத்திருந்த கணவர் மைதீன் பாட்சா காலமாகிவிட்டார். ஒரே மகள் ஆபிதா பானுவைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தார். பங்குனி வெயிலில் ஒருநாள் அலிமா பீவி கொட்டகைக்கு வந்து ஒரு சாக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். ஜெயசித்ரா இடுப்பில் கைவைத்து நின்றாள், சண்டைக்குத் தயாராக.

"சித்ரா, நான் சத்தம் போட வரல தாயி. ஆபிதாவுக்கு நாலு மாசம் ஆவுது."

"நல்ல சேதிதான மாமி!"

"நல்ல சேதிதான். ஆனா தலைப்பேறுக்கு இங்கன அனுப்ப மாட்டேங்காவ. போன தடவ வந்தப்பவே அவ மாமியா முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டேதான் சாயா குடிச்சா. பச்சப்புள்ளைய இந்தக் காத்துல போட மாட்டோம்னு சொல்லிட்டாவ. நான் என்னத்தச் சொல்ல? அவிய சொல்லுததும் நியாயந்தான."

அவர் அழவில்லை. சத்தமும் போடவில்லை. தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வராவிட்டால் அந்தத் தாய்க்கு அது எப்படியிருக்கும் என்று ஜெயசித்ராவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ராயகிரியில் அவள் அம்மாவின் வீட்டில் பிறந்தவர்கள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். ஆணியில் தொங்கிய பெரிய பூட்டை எடுத்து, இரண்டு சாவிகளோடும் சேர்த்து அலிமா பீவியின் மடியில் வைத்தாள்.

"இது ஒங்ககிட்ட இருக்கட்டும். ஆபிதா வாரதுக்குள்ள இந்த நாத்தத்த ஒழிக்கேன். அதுக்குப் பொறவு என்னைக்காவது ஒங்க வாசல்ல நாத்தம் வந்துச்சுன்னா என்கிட்ட ஒரு வார்த்த கேக்காண்டாம். மெயின அணைச்சுட்டுப் பூட்டிருங்க. நீங்களா வந்து தொறக்குற வரைக்கும் நான் கேக்கவும் மாட்டேன், தொடவும் மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி ஒழிப்பது என்று அவளுக்கு அப்போது சுத்தமாகத் தெரியாது.

அவள் போனில் 'நாத்தம் தம்பி' என்று ஒரு எண் இருந்தது. ரிஸ்வான் அகமது, கடையநல்லூர்ப் பையன், சுற்றுச்சூழல் பொறியியல் படித்துவிட்டு அம்மோனியாக் காற்றைச் சுத்தப்படுத்துகிற ஆராய்ச்சியில் இருந்தான். சோதனை செய்து பார்க்க ஒரு எருக்கொட்டகை வேண்டும் என்று முந்தைய வருஷம் வந்து நின்றவனை, கொட்டகையை மூட வந்த அதிகாரி என்று நினைத்து அவள் மண்வெட்டியோடு விரட்டியிருந்தாள். போகிற போக்கில் அவன் எண்ணைச் சொல்லிவிட்டு ஓடினான். இப்போது அவளே கூப்பிட்டாள். "மண்வெட்டி இருக்கா அக்கா?" என்று கேட்டான். "ஒளிச்சு வச்சுட்டேன், வாரும் தம்பி" என்றாள்.

அவன் சொன்னது இதுதான். அம்மோனியாவை ஒரே ஆளாக அடக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். ஒன்று வெளிச்சம். இன்னொன்று கிருமி.

கொட்டகைக் காற்றை ஒரு பெரிய ஃபேன் உறிஞ்சி, முதலில் தூசி போக வடிகட்டி, ஒரு எவர்சில்வர் பெட்டிக்குள் தள்ளும். உள்ளே ட்யூப்லைட் மாதிரி நீளமான புற ஊதா விளக்குகள். சுற்றிலும் வெள்ளைப் பூச்சுப் பூசிய தகடுகள். வெள்ளைப் பெயின்ட்டில் கலக்கிற அதே டைட்டானியப் பொடிதான். விளக்கு வெளிச்சம் படும்போது அந்தப் பூச்சு வேலைசெய்யத் தொடங்கி, தொட்டுப் போகிற அம்மோனியாவை உடைக்கும். முழுவதையும் வெளிச்சத்தாலேயே உடைக்க வேண்டுமென்றால் விளக்கும் கரண்டும் கட்டுப்படியாகாது. அதனால் மிச்சக் காற்று ஒரு உயரமான கறுப்புப் பீப்பாய்க்குப் போகும். அதில் தேங்காய் மட்டைத் துண்டுகள், மேலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், மட்டையில் குடியிருக்கிற கோடிக்கணக்கான கிருமிகள். அம்மோனியாதான் அவற்றுக்குச் சாப்பாடு. தின்று உரச்சத்தாக மாற்றித் தண்ணீரில் விட்டுவிடும்.

"அப்ப அந்தக் கிருமியவே முழுசும் திங்கச் சொல்ல வேண்டியதுதான தம்பி? வெளிச்சம் என்னத்துக்கு?"

"அளவுக்கு மேல போட்டா அதுக்கே வெசம் அக்கா. புரட்டுத அன்னைக்கு வார காரத்துக்குச் செத்துரும். அதான் முதல் அடிய வெளிச்சம் வாங்கிக்கிடுது."

அதை அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கிருமிக்கு விதை வேண்டும் என்றபோது கொட்டகைக் கழிவுநீர்க் குழியின் அடிச்சேற்றை அவன் கையுறை போட்டு எடுத்தான், இவள் வெறுங்கையால் வாளி நிறைய அள்ளினாள். மட்டையில் ஊற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். தோசைமாவு புளித்ததா என்று பார்க்கிற மாதிரி தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்ப்பாள். வெயில் ஏறினால் பீப்பாயைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டுவாள். கரண்டு போனால் ஃபேனும் பம்பும் நிற்காமலிருக்க இன்வெர்ட்டர் வாங்கி வைத்தாள். கிருமி என்று சொல்லமாட்டாள், "பிள்ளைக" என்பாள். ஆனி கடைசியில் மட்டையெல்லாம் பழுப்பாய் வழுவழுவென்று ஆகி, வடிகிற தண்ணீரில் ரிஸ்வானின் சோதனைத் தாள் நிறம் மாறியது. அந்தத் தண்ணீரை எலுமிச்சைக் கன்றுகளுக்கு ஊற்றிப் பார்த்தார்கள். இலை கரும்பச்சையாய் வந்தது.

விளக்குப் பெட்டிக்கு மட்டும் ரிஸ்வான் கண்டிப்பான சட்டம் போட்டான். எரிகிற விளக்கைப் பார்த்தால் கண் கெடும். அதனால் பெட்டிக் கதவைத் திறந்தால் விளக்கு தானாக அணைந்துவிடும். எரிகிறதா என்று தெரிய வெளியே ஒரு சிவப்புப் பொட்டு விளக்கு. வாரம் ஒருமுறை அணைத்து ஆறவிட்டு, சுத்தமான துணியைத் தண்ணீரில் நனைத்து, விளக்கின் மேலிருக்கிற கண்ணாடிக் குழாய்களைத் துடைக்க வேண்டும். அழுக்கு படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, விரல்கூடப் படக்கூடாது. இந்த வேலையை ஜெயசித்ரா யாரிடமும் விட்டதில்லை. கொட்டகையில் எல்லா வேலைக்கும் கைகொடுக்கிற மூக்காண்டியைக்கூடப் பக்கத்தில் விடமாட்டாள்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு ஆபிதா தாய்வீடு வந்தாள். ஆவணி கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. பார்க்க வந்த மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து, முந்தானை தோளிலேயே கிடக்க, இரண்டு டம்ளர் சாயா குடித்தார். அதை அலிமா பீவி வந்து சொன்னபோது ஜெயசித்ராவுக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. அவளுக்குப் பேச்சு வராமல் போனதைப் பார்த்த மூக்காண்டி அதை ஊர் முழுக்கச் சொன்னான்.

பிறகு கொட்டகையைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பண்ணைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள். வந்தவர்களெல்லாம் புகழ்ந்தார்கள். இத்தனை கண் படுகிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பயம். அந்தப் பயத்தோடு இருக்கும்போதுதான் ஆயுதபூஜை வந்தது.

மூக்காண்டி சல்லடை, தராசு, லோடு ஆட்டோ, ஃபேன் மோட்டார் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்தான். ஜெயசித்ரா காலையிலேயே தலைக்குக் குளித்து கோயிலுக்குப் போய்ப் புத்துமண் வாங்கி வந்தாள். சங்கரன்கோவில்காரர்களுக்கு அது என்ன என்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோயில் புற்றிலிருந்து எடுத்துத் தருகிற மண். நெற்றியில் இடுவார்கள், சிரங்குக்குப் பூசுவார்கள், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வார்கள். அதை அழுக்கு என்று இந்த ஊரில் யாரும் நினைக்கமாட்டார்கள். அவளும் நினைக்கவில்லை. அழுக்குத்தானே படக்கூடாது? அன்றைக்குத் துடைக்கிற முறை. விளக்கை அணைத்து ஆறவிட்டு, ஒரு கிண்ணம் தண்ணீரில் புத்துமண்ணைக் கரைத்து, புதுத்துணியை அதில் நனைத்து, ஒவ்வொரு குழாயையும் தலைமுதல் அடிவரை பயபக்தியோடு துடைத்தாள். விரல் படாமல்தான் துடைத்தாள். கதவை மூடிச் சூடம் காட்டினாள். சிவப்புப் பொட்டு எரிந்தது. மனதுக்கு நிறைவாக இருந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை, ஜெயசித்ரா கொட்டகைக்கு வந்தபோது ஃபேன் சத்தம் இல்லை. கதவில் பூட்டு தொங்கியது. மூக்காண்டி வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"மாமி வந்து மெயின அணைக்கச் சொன்னாவ அக்கா. அணைச்சேன். பூட்டிட்டுப் போயிட்டாவ. ஒண்ணுமே பேசல."

ஜெயசித்ரா ஓடிப்போய்ப் பூட்டை ஒருதரம் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். பழகிப்போன மூக்குக்கு என்ன தெரியும்? ரிஸ்வானைப் போனில் பிடித்தாள்.

"அக்கா, காத்தும் தண்ணியும் இல்லாம கிருமி இன்னைக்கு ஒரு நாள் தாங்கும். நாளைக்குச் சாவ ஆரம்பிச்சிரும். முதல்ல கதவத் தொறந்து ஃபேனப் போடுங்க. நான் கிளம்பி வாரேன்."

"தொறக்க மாட்டேன் தம்பி. நீரு வாரும்."

மூக்காண்டி மெல்லப் பக்கத்தில் வந்தான். "பின்னால தகரத்துல நாலு போல்ட்டுதான் அக்கா. கழத்திட்டு உள்ள போயி ஃபேன மட்டும் போட்டுட்டு வந்திருதேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"ஏலே, எனக்குத் தெரியும்லா! போ அங்கிட்டு!"

அந்தச் சத்தத்தில் பக்கத்து மரத்துக் காக்கைகள் பறந்தன. அலிமா பீவி வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை கேட்டிருந்தால் சாவி கிடைத்திருக்கும். ஆனால் கேட்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாளே. கதவுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. காலையில் குடித்த காப்பியோடு சரி. உள்ளே அவளுடைய பிள்ளைகள் மூச்சு முட்டிக் கிடக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாளில் குழந்தைக்கு நாற்பதாம் நாள் விசேஷம். ஆபிதாவின் மாமியார் வீட்டார் வந்து உட்காரப் போகிறார்கள். இரண்டையும் நினைத்து நினைத்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவரையும் திட்டவில்லை. இந்த வாயாடி அந்தக் கல்லில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை அந்த வழியாகப் போன அத்தனை பேரும் பார்த்தார்கள்.

மத்தியானம் ரிஸ்வான் பைக்கில் வந்து இறங்கியபோது, எதிர்ப்பக்கமிருந்து அலிமா பீவியும் வந்தார்.

"விடிஞ்சதுலேருந்து பாக்கேன், அந்தப் பூட்டத் தொடக்கூட இல்லயே நீ. வந்து கேட்டா என்னட்டி?"

"கேக்க மாட்டேன்னு சொன்னேன்லா மாமி."

"உள்ள என்னாச்சுன்னு பாக்காம எப்படிச் சரி பண்ணுவ?" என்று அலிமா பீவி முனகிக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தார்.

ரிஸ்வான் முதலில் பம்பையும் ஃபேனையும் போட்டான். பீப்பாயைத் தொட்டுப் பார்த்தான். மட்டையில் ஈரம் இருந்தது. வடிநீரைச் சோதித்துவிட்டுத் தலையை ஆட்டினான். கிருமிகள் சில நாட்களாகத் தாங்கமுடியாத அளவுக்குத் தின்று திணறியிருக்கின்றன. அப்படியானால் வெளிச்சம் தன் வேலையைச் செய்யவில்லை. ஆனால் சிவப்புப் பொட்டு எரிகிறதே? விளக்குப் பெட்டியைத் திறந்தான். குழாய்கள் அத்தனையும் செம்பழுப்பு நிறத்தில், சட்டியில் தீய்ந்த பால் மாதிரி ஒரு படலத்தோடு இருந்தன. உள்ளே விளக்கு எரிந்திருக்கிறது, சூட்டில் மண் இறுகியிருக்கிறது, வெளிச்சம் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

"யாரு வேல இது?" என்று அவன் மூக்காண்டியைப் பார்த்தான்.

மூக்காண்டி அன்றைக்கு எல்லாவற்றையும் பார்த்தவன். இருந்தும், "நான்தான் சார்" என்றான்.

"ஏலே, பொய் சொல்லாத." ஜெயசித்ராவின் குரல் முதல்முறையாகக் கம்மியிருந்தது. "நான்தான் தம்பி. ஆயுதபூசைக்குப் புத்துமண்ணக் கரைச்சுத் துடச்சேன். அழுக்குதான் படக்கூடாதுன்னீரு. அது அழுக்குன்னு எனக்குத் தோணல."

அலிமா பீவி எட்டிக் குழாயைப் பார்த்துவிட்டு, ஜெயசித்ராவின் பக்கம் திரும்பினார்.

"சின்னப்புள்ளையில எனக்குச் சிரங்கு வந்தப்ப எங்க உம்மாவும் இதத்தான் வாங்கித் தடவுனா. ரெண்டு நாளுல காஞ்சுது. ஆனா மேலுல தடவுதத கண்ணுல போயி தடவுவாவளாட்டி?"

முதலில் சிரித்தது மூக்காண்டி. அப்புறம் ரிஸ்வான். ஜெயசித்ரா அழுதுகொண்டே சிரித்தாள்.

"எலுமிச்சம்பழம் இருக்கா அக்கா?" என்றான் ரிஸ்வான். "புளிப்புக்குத்தான் இந்தப் படலம் விடும்." புளியங்குடிக்காரர்கள் கொண்டுவந்து போட்டது ஒரு கூடை கிடந்தது. சாறு பிழிந்து, துணியில் தொட்டு, குழாய் குழாயாக அவளே துடைத்தாள். பிறகு வெறும் தண்ணீரில் துடைத்தாள். சாயங்காலத்துக்குள் கண்ணாடி பளிச்சென்றானது. ஆனால் சோர்ந்துபோன கிருமிகள் தேற நாள் பிடிக்கும். அதுவரை புது எரு இறக்கவில்லை. புரட்டவும் இல்லை. குவியலின்மேல் தென்னைநார்த் தூளைக் கனமாகப் பரப்பி, தார்ப்பாய் போட்டு மூடினாள். வாசலில் வந்து நின்ற தோப்புக்காரர்களிடம், "மாமி வீட்டுல விசேஷம் முடியட்டும், பொறவு வாங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். போனவர்களில் சிலர் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு அவள் வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை. பூட்டு திறந்தபடியே கதவில் தொங்கியது. சாவி அலிமா பீவியின் முந்தானையில்தான் இருந்தது.

நாற்பதாம் நாள் கடையநல்லூரிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து காற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்தார். அப்புறம் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்றிருந்த ஜெயசித்ராவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. குழந்தைக்கு எடுத்த சட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தவளை, அலிமா பீவி கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்தார். அடுப்பில் நெய்ச்சோறு தம்மில் இருந்தது.

"ஏட்டி, கொஞ்சம் மோந்து பாரு. அடி பிடிக்குதா?"

"என்ட்டயா கேக்கிய? நல்ல ஆளப் புடிச்சிய. எரு மூக்கு மாமி என் மூக்கு. ஒங்க மூக்குக்குத் தெரியாததா?"

"எனக்கு எங்கட்டி தெரியுது? அது போயி நாலஞ்சு வருசமாச்சு. நெய்யும் ஒண்ணுதான், மண்ணெண்ணெயும் ஒண்ணுதான். விசேஷத்துக்குச் சமைக்கையில ஆபிதாவத்தான் கூப்பிடுவேன். இன்னைக்கு அவ அங்கன உக்காந்திருக்கா."

ஜெயசித்ரா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கொட்டகை வந்து ஆறு வருஷம். அந்த மூக்கைத் தின்றது எது என்று கணக்குப் போட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"அப்ப அன்னைக்கு எப்படித் தெரிஞ்சு பூட்டுனிய?"

"எனக்கு ஒண்ணும் தெரியல. புள்ள பால் குடிக்காம கண்ணக் கசக்கிக் கசக்கி அழுதா. ஆபிதாவுக்குச் சளி, அவளுக்கும் ஒண்ணும் தெரியல. வேற என்னவா இருக்கும்னு வந்து பூட்டிட்டேன். பூட்டிட்டு எனக்கு ஒரே பயம். நீ வந்து எங்கன நாறுதுன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? நீ கேக்கவே இல்லயே. வெயில்ல உக்காந்திருந்த."

அலிமா பீவி இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஏதோ வீட்டு விஷயம் பேசுகிற மாதிரிச் சொல்லிவிட்டு, தட்டுகளைத் துடைக்கத் திரும்பிவிட்டார். சென்ட்டுக் கடைக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருக்கணும் என்று தான் சொன்னது ஜெயசித்ராவின் காதில் அப்படியே கேட்டது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அலிமா பீவியும் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். ஊரையே அடக்குகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

மூடியை விலக்கிக் குனிந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. கண்ணில் வந்த நீருக்கு அது நல்ல மறைவாக இருந்தது.

"அடி பிடிக்கல மாமி. நெய் வாசம் முன்னால வருது. பொறவு ஏலக்கா. கிராம்பு லேசா இருக்கு. பட்டை கொஞ்சம் தூக்கல். அந்தா, ஓரத்துல வெங்காயம் செவந்த வாசம்."

அலிமா பீவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டார். "இன்னொருக்கச் சொல்லு" என்றார்.

சொன்னாள். இப்போதும் அந்த வீட்டில் விசேஷச் சமையல் என்றால் சுவர் வழியாக ஒரு குரல் வரும். எருவைப் புரட்டிக்கொண்டிருந்தாலும் சரி, தோப்புக்காரர்கள் வாசலில் காத்திருந்தாலும் சரி, ஜெயசித்ரா கையைக் கழுவிக்கொண்டு போய், அடுப்பருகே குனிந்து, ஒவ்வொரு வாசமாகச் சொல்லிவிட்டு வருகிறாள்.